அவைமுன் பேச நடுக்கமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பேர் உட்கார்ந்த குழுக் கூட்டமானாலும் சரி, இருநூறு பேர் நிறைந்த அரங்கமானாலும் சரி, எழுந்து நின்றதும் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று சொல்பவர்களோடு பல ஆண்டுகளாக ஒத்திகைக்கு உட்கார்ந்து வருகிறேன். நானும் அப்படி இருந்தவன்தான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசுகிறேன். மேடை ஏறினால் மட்டும் உடம்பு ஏன் இப்படி ஆகிறது?

முன்னால் ஆபத்து இருக்கிறது என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. உடனே சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பைத் தயார் செய்யும் பழைய ஏற்பாடு இது. இதயம் வேகமெடுக்கும். தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தம் குறைந்து பெரிய தசைகளுக்குப் போகும். விரல் சில்லிடுவதும் வயிற்றைக் கலக்குவதும் அதனால்தான். எச்சில் சுரப்பது குறைவதால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தசைகள் உசுப்பப்படுவதால் கை நடுங்கும்.

இதை உங்கள் குணத்தின் கோளாறு என்று நினைக்காதீர்கள். மனிதர்களுக்கு ஆய்வகத்தில் வேண்டுமென்றே மன அழுத்தத்தை உண்டாக்கிப் பார்க்க, ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முறையை வகுத்து 1993இல் வெளியிட்டார்கள். இன்றும் பல நாடுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தயாராகச் சில நிமிடம் கொடுப்பார்கள். பிறகு, முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன் நின்று பேச வேண்டும். அது முடிந்ததும் அவர்கள் முன்னாலேயே மனக்கணக்குப் போட வேண்டும். இவ்வளவுதான் சோதனை. ஆரோக்கியமான மனிதர்களின் உடம்பைப் பதறவைக்க விஞ்ஞானிகளே தேர்ந்தெடுத்த வழி, நான்கு பேர் முன்னால் பேசவிடுவது. உங்களுக்கு மட்டும் நடுங்காமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

இந்தப் பயம் என்றைக்காவது முழுசாகப் போய்விடுமா?

பெரும்பாலானவர்களுக்குக் குறையும். அடியோடு போய்விடும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை, ஏனென்றால் அது போன பிறகு பேசிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் கடைசிவரை பேசுவதே இல்லை.

காந்தி வழக்கறிஞராகப் பம்பாய் நீதிமன்றத்தில் எடுத்த முதல் வழக்கில், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர் தலை சுற்றி, ஒரு கேள்விகூட வாயில் வராமல் உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார். பிற்காலத்தில் அவர் எத்தனை கூட்டங்களில் பேசினார் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் தன் கூச்சம் தொலைந்துவிட்டதாக அவர் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. பேசத் தயங்கும் அந்தக் குணம்தான் சொற்களைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுக்கொடுத்தது என்று எழுதினார். கூச்சத்தைத் துரத்திக்கொண்டிராமல் அதனிடமிருந்து ஒரு வேலையை வாங்கிக்கொண்டார்.

பயம் போகாது என்றால் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அவைமுன் பேச அஞ்சுவது நம் மொழியில் இரண்டு அதிகாரங்களுக்கு இடம்பிடித்த அளவு பழைய விஷயம். திருக்குறளில் 'அவையஞ்சாமை' 73ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய 72ஆவது அதிகாரம் 'அவையறிதல்'. முதலில் அவையை அறிதல், அதற்குப் பிறகு அஞ்சாமை. இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் ஒத்திகைகளில் நான் பார்ப்பதும் இதையேதான்.

பயந்த நிலையில் பேசுபவரின் மனம் முழுக்கத் தன்மேல் இருக்கும். என் குரல் கரகரக்கிறதே, சட்டை கசங்கியிருக்கிறதா, கையை எங்கே வைப்பது, இவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள். இத்தனைக்கும் மூளை பதில் தேடிக்கொண்டிருந்தால் பேச வேண்டிய விஷயத்துக்கு மிச்சம் என்ன இருக்கும்? கவனத்தை அங்கிருந்து பெயர்த்து எதிரில் இருப்பவர்களிடம் கொண்டுபோனால் நிலைமை மாறும். இவர்களுக்கு இந்த விஷயம் ஏற்கெனவே எவ்வளவு தெரியும்? எதில் தடுமாறுவார்கள்? இங்கிருந்து வெளியே போகும்போது இவர்கள் கையில் என்ன இருக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொண்டு வருபவர்களின் குரல் முதல் வாக்கியத்திலேயே வேறு மாதிரி இருக்கும்.

ஒரு பெண் தன் துறையின் மென்பொருள் மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஒத்திகையில் குரல் எழும்பவே இல்லை. "கேட்கப் போவது யார்?" என்று கேட்டேன். "கணக்குப் பிரிவு. மாத முடிவில் இதனால் அவர்களுக்குத்தான் இரட்டை வேலை" என்றார். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது குரல் தானாக நிமிர்ந்தது. "இதையே முதல் வரியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அன்று அவர் "மாதக் கடைசியில் ஒரே கணக்கை இரண்டு முறை போடுகிறீர்கள், அதை நிறுத்தத்தான் வந்திருக்கிறேன்" என்று தொடங்கினார். பின்வரிசையில் இருந்தவர்கள் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். பயம் அவரை விட்டுப் போயிருக்காது, ஆனால் அன்று அதைவிட முக்கியமான வேலை ஒன்று அவருக்கு இருந்தது.

நான் நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்துவிடுமே?

நீங்கள் நினைப்பதில் பாதிகூடத் தெரியாது. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் பேச்சாளர்களிடம் இதைச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். தாங்கள் எவ்வளவு பதறியதாகத் தெரிந்திருக்கும் என்று பேசியவர்கள் போட்ட மதிப்பு, கேட்டவர்கள் கண்டதைவிடக் கூடுதலாக இருந்தது. உள்ளே துடிப்பது நமக்குக் காது கிழியக் கேட்பதால் வெளியிலும் கேட்கும் என்று எண்ணிவிடுகிறோம். அந்த ஆய்வின் அடுத்த கட்டம் எனக்கு இன்னும் பிடித்தது. 'உங்கள் பதற்றம் நீங்கள் எண்ணும் அளவுக்கு வெளியே தெரியாது' என்று சிலரிடம் முன்கூட்டியே விளக்கினார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். அதாவது இந்தப் பத்தியைப் படித்ததே உங்களுக்கு ஒரு பயிற்சி.

ஆனால் நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் பொருள்கள் சில உண்டு. நான் முதன்முதலில் அரங்கில் பேசியபோது ஒற்றைத் தாள் ஒன்றைக் கையில் பிடித்திருந்தேன். விரலின் சிறு நடுக்கம் தாளின் மேல்முனையில் படபடவென்று அடித்தது. அதன் சலசலப்பு மைக்கில் விழுந்து ஒலிபெருக்கி வழியே எனக்கே திரும்பி வந்தது. அன்றிலிருந்து உள்ளங்கை அளவு கெட்டி அட்டையில்தான் குறிப்பு எழுதுகிறேன். அட்டை ஆடாது. லேசர் சுட்டியும் அப்படித்தான், திரையில் சிவப்புப் புள்ளி துள்ளும். அதை விட்டுவிட்டுக் கையால் காட்டுங்கள், அல்லது வாயால் சொல்லுங்கள். தண்ணீரை விளிம்பு வரை நிரம்பிய டம்ளரில் வாங்காதீர்கள், மூடிபோட்ட பாட்டில் நல்லது.

"பதறாதே, அமைதியாக இரு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பலன் இல்லையே?

படபடக்கிற இதயத்தை ஒரே தாவலில் சாந்தத்துக்குக் கொண்டுவருவது கடினம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களின் பேச்சு நன்றாக மதிப்பிடப்பட்டது. பயத்திலும் உற்சாகத்திலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் துடிக்கிறது. பெயரை மாற்றிச் சொல்வது எளிது.

மூச்சையும் கவனியுங்கள். உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமாகும், வெளிவிடும்போது சற்று மெதுவாகும். ஆகவே நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பெயர் கூப்பிடுவதற்கு முந்தைய இரண்டு நிமிடம் போதும். அழுத்தி அழுத்தி இழுத்தால் தலை சுற்றும், மெதுவாகவே செய்யுங்கள்.

முழுதையும் மனப்பாடம் செய்துகொள்ளலாமா?

வேண்டாம். வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்தவருக்கு ஒரு சொல் நழுவினால் அதைத் தொடர்ந்த எல்லாமே நழுவிவிடும். அப்படி நின்றுபோன பலரைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்குமே விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது, வாக்கியம்தான் நினைவுக்கு வரவில்லை.

இரண்டே இடங்களை மட்டும் அட்சரம் பிசகாமல் நெட்டுருப் போடுங்கள்: முதல் மூன்று வாக்கியங்கள், கடைசி வாக்கியம். பதற்றம் உச்சத்தில் இருப்பது பேச ஆரம்பிக்கும் நேரத்தில். அந்த முதல் ஒரு நிமிடத்தை மூளையின் தயவில்லாமல் வாயே கடந்துவிட்டால், அதற்குள் துடிப்பு அடங்கத் தொடங்கியிருக்கும். கடைசி வாக்கியம் தெரிந்திருந்தால் "அவ்வளவுதான்… வேற ஒண்ணும் இல்ல…" என்று இழுத்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்காது. நடுவில் உள்ளதற்கு ஐந்தாறு தலைச்சொற்கள் அட்டையில் இருந்தால் போதும். ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் ஒரு நிகழ்ச்சியோ எண்ணோ படமோ இருக்கட்டும். கதையாக நினைவில் இருப்பதை யாரும் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

எத்தனை முறை ஒத்திகை பார்க்க வேண்டும்?

எத்தனை முறை என்பதைவிட எப்படி என்பதைப் பாருங்கள். கணினி முன் உட்கார்ந்து ஸ்லைடுகளைத் தள்ளித் தள்ளி மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரம் வைத்துச் சொல்லுங்கள். முதல் தடவை கேவலமாகத்தான் வரும். அது தனியறையிலேயே வந்துபோகட்டும். மூன்றாம் தடவையில் எந்த வாக்கியம் நாக்கில் சிக்குகிறது என்பது தெரிந்துவிடும், அதை வேறு சொற்களில் மாற்றிவிடுங்கள். பிறகு ஒரு தடவையாவது ஒரு மனிதர் முன் பேசுங்கள், தெரியாத துறையைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

போனில் பதிவு செய்து பார்க்கச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். நம் குரல் நமக்கு மண்டையோட்டின் அதிர்வு வழியாகவும் சேர்ந்து கேட்கிறது. பதிவில் காற்று வழி வருவது மட்டும் கேட்பதால் மெலிந்து ஒலிக்கும். மற்றவர்களுக்கு உங்கள் குரல் எப்போதும் அப்படித்தான் பழக்கம், அவர்கள் அதைக் குறையாக நினைத்ததே இல்லை. ஆகவே பதிவில் குரலைப் பார்க்காதீர்கள். எங்கே ஓடினீர்கள், எங்கே குழப்பினீர்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

முடிந்தால் அந்த அறைக்கு அரை மணி முன்னதாகப் போய் மைக்கைச் சோதித்து, நிற்கும் இடத்தில் நின்று, கடைசி வரிசையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வருபவர்களில் இரண்டு மூன்று பேரிடம் பேச்சுக் கொடுங்கள். மேடையேறும்போது கூட்டத்தில் தெரிந்த முகம் இரண்டு இருக்கும்.

பயிற்சிக்கு மேடை எங்கே கிடைக்கும்?

சின்னக் கூட்டங்களில். வாராந்தரக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பது, வந்த விருந்தினருக்கு நன்றி சொல்வது, ஒருவரை அறிமுகம் செய்வது. இரண்டு நிமிடம் பேசியவருக்குத்தான் இருபது நிமிடம் பேசும் தைரியம் வரும். இதற்கென்றே கூடுகிற பேச்சுப் பயிற்சிக் குழுக்களும் உண்டு. 1924இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் பல நாடுகளில் கிளைகளோடு இயங்குகிறது. அங்கே எல்லோரும் உங்களைப் போலவே தடுமாறி வந்தவர்கள் என்பதுதான் பெரிய வசதி.

"ம்…", "வந்து…", "பார்த்தீங்கன்னா…" என்று நிறைய வருகிறது. எப்படி நிறுத்துவது?

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆறு வாக்கியத்துக்கு ஒரு "வந்து" யாரையும் உறுத்தாது. வாக்கியத்துக்கு வாக்கியம் "பார்த்தீங்கன்னா" வந்தால் கேட்பவர்கள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த சொல் கிடைக்கும்வரை மௌனமாக இருக்க நமக்குப் பயம், அதனால்தான் அந்த இடைவெளியை எதையாவது போட்டு நிரப்புகிறோம். வாக்கியம் முடிந்ததும் வாயை மூடுங்கள். நிஜமாகவே உதடுகளை மூடுங்கள், உதடு மூடியிருக்கும்போது "வந்து" வெளியே வராது. உங்களுக்கு யுகமாகத் தோன்றும் அந்த இரண்டு வினாடி, கேட்பவருக்கு நீங்கள் சொன்னதை விழுங்கிக்கொள்ளும் நேரம். வேகமாகப் பேசுபவர்களுக்கும் இதே மருந்துதான். சொற்களை இழுத்து மெதுவாக்க வேண்டாம், வாக்கியங்களுக்கு நடுவே நில்லுங்கள்.

ஸ்லைடில் எவ்வளவு எழுதலாம்?

நீங்கள் பேசாமலே புரிந்துவிடும் அளவுக்கு எழுதாதீர்கள். ஸ்லைடில் பத்தி இருந்தால் அவர்கள் படிப்பார்கள், நீங்களும் திரும்பி நின்று படிப்பீர்கள், அறையில் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். ப்ரொஜெக்டர் வேலை செய்யாவிட்டாலும் பேச முடியும் என்ற நிலைக்கு ஒருமுறை தயாராகிப் பாருங்கள், எவ்வளவு தெம்பு வருகிறது என்று தெரியும்.

கண்ணைப் பார்த்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. தலைக்கு மேலே சுவரைப் பார்க்கலாமா?

சுவர் தலையாட்டாது. கூட்டத்தில் இயல்பாகவே தலையசைத்துக் கேட்பவர்கள் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், நடுவில் ஒருவர் இருப்பார்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒருவரிடமே சொல்லி முடித்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள். அப்போது கூட்டத்திடம் பேசும் உணர்வு போய், ஆள்மாற்றி ஆள் ஒவ்வொருவரிடமாகப் பேசும் உணர்வு வரும். முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து அவரையே திருப்திப்படுத்த முயல வேண்டாம். பலருக்குக் கவனமாகக் கேட்கும்போது முகம் அப்படித்தான் இருக்கும். ட்ரியர் சோதனையில் நடுவர்கள் முகத்தை அப்படி வைத்துக்கொண்டது அவர்களுக்கு இட்ட கட்டளை, பேச்சின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் மறந்துவிட்டால்?

நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். அட்டையைப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன கருத்தை வேறு சொற்களில் இன்னொரு முறை சொல்லுங்கள், பெரும்பாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்துவிடும். வரவில்லையென்றால் "இந்த இடத்தில் விட்டுப்போயிற்று, ஒரு நொடி" என்று நேராகச் சொல்லுங்கள். மன்னிப்பை மட்டும் மூன்று முறை கேட்காதீர்கள். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்ற பட்டியல் அவர்களிடம் இல்லை, விட்டதை அவர்களால் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி நேரம்தான் என் பயமே. விடை தெரியாவிட்டால் மானம் போய்விடாதா?

எழக்கூடிய பத்துக் கேள்விகளை முதல் நாளே எழுதிப் பாருங்கள். அவற்றில் மிகவும் சங்கடமான மூன்றுக்கு விடையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அரங்கில் கேள்வி வந்ததும் அதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க ஐந்து வினாடி கிடைக்கும். தெரியவில்லை என்றால் "அந்த எண் இப்போது கையில் இல்லை, பார்த்துவிட்டு நாளைக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லி, அதேபோல் அனுப்பிவிடுங்கள். சமாளிக்கப் போய் மாட்டிக்கொண்டவரை மக்கள் மறப்பதில்லை. மறுநாள் பதில் அனுப்பியவரையும் மறப்பதில்லை.

நெஞ்சை நிமிர்த்தி, கைகளை இடுப்பில் வைத்து இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன் மாறும் என்கிறார்களே?

2010இல் வந்த ஓர் ஆய்வின் பேச்சு அது. 2015இல் அதிகப் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் கிடைக்கவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் முதன்மையானவரான டானா கார்னியே, அந்த விளைவு உண்மையென்று தான் இனி நம்பவில்லை என்று 2016இல் வெளிப்படையாக எழுதினார். நிமிர்ந்து நிற்பது மூச்சுக்கும் குரலுக்கும் நல்லது, அதற்காக நிமிருங்கள். அதேபோல், பேச்சில் சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். ஒற்றைச் சொற்களைச் சொல்பவரின் விருப்பு வெறுப்பை எப்படி ஊகிக்கிறோம் என்று 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சோதனைகளிலிருந்து பிய்த்தெடுத்த எண் அது. நீங்கள் தயாரித்து வைத்த விஷயத்துக்கு மதிப்பு அதிகம்.

மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

புரோப்ரனலால் என்ற மருந்து நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும். சில இசைக் கலைஞர்களும் பேச்சாளர்களும் அதை எடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாது. மருத்துவரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். பயத்தால் படிப்பையோ வேலையையோ விட்டு விலகும் நிலை இருந்தால் உளவியல் நிபுணரைப் பாருங்கள். பயப்படும் சூழலுக்குப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை முறைகள் உண்டு, நன்றாகவே பலன் தருகின்றன.

எனக்குப் பேச்சு திக்கும். நான் பிரசன்டேஷன் செய்யலாமா?

தாராளமாக. தொடக்கத்திலேயே "எனக்குச் சில சொற்கள் திக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால், மறைக்கும் வேலை ஒன்று குறையும். அப்படிச் சொல்லிவிட்டுப் பேசிய ஒருவரின் உரையை அறையில் எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று பேசினேன். படுமோசம். இனி என்ன செய்வது?

இறங்கிய உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது பேசி முடித்துச் சில நிமிடங்கள் கழிந்த பிறகுதான். நாற்காலிக்குத் திரும்பிய அந்த நேரத்தில் எல்லாமே பாழாகிவிட்டதாகத் தோன்றும். முகம் கழுவுங்கள், கொஞ்சம் நடங்கள், இரவு தூங்கி எழுங்கள். மறுநாள் ஒரு நோட்டில் மூன்றே வரிகள்: எங்கே அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், எங்கே நான் தொலைந்துபோனேன், அடுத்த தடவை எந்த ஒன்றை மாற்றுவேன். ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

தாள் படபடத்த அந்த நாளில், வெளியே வரும்போது முன்வரிசையில் இருந்த ஒருவர் என்னை நிறுத்தினார். நடுக்கத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "அந்த மூன்றாவது அட்டவணையில் இருந்த எண் எந்த வருடத்துக்கு உரியது?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். என் நோட்டின் முதல் பக்கத்தில் அன்று எழுதிய வரி இன்னும் இருக்கிறது: 'அட்டவணையில் வருடம் போட வேண்டும்.'